பெங்களூருக்கே போகாத என் மகனுக்கு

தானி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கினால் நீயே சிரிப்பாய். முன்னறையில் ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டு, பாட்டு என்ற பெயரில் என்னவோ கத்திக்கொண்டிருக்கிறாய். நான் சமையல்கட்டில் உட்கார்ந்து சத்துணவுக் கூடத்துப் பழைய நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு சுவர்தான். எழுந்து வந்து பேசினால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? உன் எதிரில் வாயைத் திறந்தால் ஒன்று திட்டுவேன், இல்லை அழுவேன், மூன்றாவது எனக்கு வராது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் உனக்கு ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எழுதி முடித்ததும் உன் டூல்ஸ் பையில், டெஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறதோ, அப்படியே செய்.

எல்லாம் உன் சுகந்தியால் வந்தது. நேற்று சாயங்காலம் மங்கலம்பேட்டையிலிருந்து போன் செய்தாள். கல்யாண லீவில் ஊருக்குப் போயிருக்கிறாளே, ஜவுளி பற்றிப் பேசப் போகிறாள் என்று நினைத்து எடுத்தேன். "அத்த, கோச்சுக்காம எனக்கு ஒன்னு சொல்லித் தரணும். அவருக்கு நீங்க பஸ்ல குடுத்து அனுப்புவீங்களே, மாங்கா போட்ட நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு, அது எப்படி வெக்கறது? அவரக் காப்பாத்துன கொழம்பாச்சே, நான் கத்துக்க வேணாமா?" என்றாள். நான், "அடுப்புல பால் இருக்குதும்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

உன் சாட்சியை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! கடலூரில், சிதம்பரத்தில், குமராட்சிப் பக்கத்துச் சின்னச் சின்ன சபைகளில் எல்லாம் நீ எழுந்து நின்று, ஆண்டவர் உன்னைத் தெருவிலிருந்து தூக்கியதைச் சொல்வாய். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும். "நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல கெடந்தப்ப எங்கம்மா தினம் எங்கப்பா கையில சோறு கட்டிக் குடுத்து அனுப்பினாங்க. ஒரு நாள் கேரியரத் தொறந்தா நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. எங்கப்பாவுக்கு கருவாடு ஆவாது. அப்ப அது எனக்குன்னே வெச்சதுதான? எங்கம்மாவே என்ன வுடலன்னா, ஆண்டவர் எப்படி வுடுவாருன்னு அன்னிக்குத்தான் மொதல்ல நெனச்சேன்." உடனே சபையே என்னைத் திரும்பிப் பார்க்கும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! சாட்சி என்றால் கோர்ட்டானாலும் கோயிலானாலும் அதில் பொய் கலக்கக் கூடாது. உன் சாட்சியில் ஒரு பொய் இருக்கிறது, தானி. அதை நீ சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். சுனாமி வந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. சிதம்பரத்தில் இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம், கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தாய். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையிலிருந்து பாதியில் எழுந்து ஓடினவன், மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தாய். கடற்கரைக் குப்பத்தில் எத்தனை பேரைத் தூக்கினாய் என்று நான் கேட்கவும் இல்லை, நீ சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு உனக்குத் தூக்கம் போனது. "அம்மா, கண்ண மூடுனா கொழந்தைங்க வராங்கம்மா" என்று ஒரு நாள் சொன்னாய். நான் அப்போது வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கத்தியைக் கீழே கூட வைக்காமல், "ஜெபம் பண்ணிட்டுப் படு, எல்லாம் சரியாயிடும்" என்றேன். ஜெபிக்கச் சொன்னது தப்பில்லை. உன் பக்கத்தில் வந்து உட்காராமல் சொன்னதுதான் தப்பு. நீ என்னிடம் கேட்டது ஜெபம் இல்லை, பக்கத்தில் ஒரு ஆள். காலேஜ் ஹாஸ்டலில் யாரோ ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தான், கையில் ஒரு மாத்திரை அட்டையோடு.

அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி ஜாஸ்தி எழுதமாட்டேன். மாத்திரை, கஞ்சா, அப்புறம் ஊசி. நீ முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தபோது, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று உங்கப்பாவிடம் பெருமைப்பட்ட மகராசி நான்தான். ஆனால் அண்டாவை மட்டும் எழுதாமல் விடமாட்டேன். சத்துணவுக் கூடத்து அண்டா! நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு பொங்குகிற அண்டாவை எப்படியடா தனியாளாகத் தூக்கிக்கொண்டு போய் விற்றாய்? அமைப்பாளர் என்று என்னை நம்பிக் கொடுத்த சாமான் அது. தலைமையாசிரியரிடம் ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன் என்று புளுகிவிட்டு, கடைத்தெருவில் பிரியாணிக் கடை பாயிடம் அண்டா இரவல் வாங்கினேன். ஒரு வாரம் முழுக்க, "டீச்சர், சோறு வாசனயா இருக்குது டீச்சர்!" என்று பிள்ளைகள் இரண்டு தட்டு, மூன்று தட்டு சாப்பிட்டார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு நான் வாசலில் நின்று, "இந்த வாசப்படி ஏறுனீன்னா நான் எறங்கிப் போயிடுவேன். எனக்குப் புள்ளையே பொறக்கலன்னு நெனச்சுக்கறேன்" என்றேன். நீ செருப்பு கூடப் போடாமல் போனாய். அந்தச் செருப்பு அதே இடத்தில் கிடந்தது. உங்கப்பா அதைத் தினமும் தாண்டித்தான் டூட்டிக்குப் போவார், எடுத்து உள்ளே வைக்கவும் மாட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எஸ்தர் அக்கா வந்தாள். கோர்ட்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கிறாளே, அவளுக்கு உடம்பும் பெரிசு, குரலும் பெரிசு. "எங்கடி தானியக் காணோம்?" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "பெங்களூர்ல வேல கெடச்சுப் போயிட்டான்க்கா" என்றேன். அவ்வளவுதான், "ஸ்தோத்திரம்!" என்று கத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். "ஆண்டவர் இவ்ளோ பெரிய காரியம் செஞ்சிருக்காரு, கவர் போட மாட்டியா?" என்றாள்.

அந்தக் கவர்தான் என்னை மாட்டிவிட்டது. பிறந்தநாளோ, பரீட்சையில் பாஸோ, காய்ச்சல் விட்டதோ, ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் காரணத்தை எழுதிப் போட்டால் ஞாயிறு ஆராதனையில் போதகர் எல்லார் முன்னிலும் வாசிப்பார். நானும் எழுதினேன்: "என் மகன் பெங்களூரில் நல்ல வேலையில் அமர்ந்ததற்காக." பலிபீடத்துக்கு முன்னால் நின்று அவர் அதைக் கணீரென்று வாசித்தார். அடுத்த மாதம் "வேலை நிரந்தரமானதற்காக." அதற்கடுத்து "ஏசி ரூமில் உட்காரும் பதவி உயர்வுக்காக." பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். என் பொய்க்குக் கால், கை, கழுத்தில் டை எல்லாம் முளைத்தது. அப்புறம் ஆரம்பித்தது கூத்து. "எம் புள்ளைக்கும் ஒங்க தானிகிட்ட சொல்லி ஒரு வேல வாங்கிக் குடும்மா" என்று ஒவ்வொரு தாயும் பயோடேட்டாவோடு வந்தாள். ஏழு பயோடேட்டா சேர்ந்தது. அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். போட்டோவில் அந்தப் பிள்ளைகள் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அரிசி எடுக்கவே பயமாக இருக்கும்.

இப்போது அந்தக் காலை நேரத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் நான்கு பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சிதம்பரத்தில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். நம் சபையிலிருந்து பதினோரு பேர் பஸ்ஸில் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கழிப்பிடச் சுவர் ஓரமாக நடந்து வெளியே வரும்போது ஒருவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தாடி, சடை, தோளில் ஒரு கோணி. கால்களை நீட்டி வலது கட்டைவிரலை இடது கட்டைவிரல் மேல் போட்டிருந்தான். தொட்டிலில் படுக்கும்போதே நீ அப்படித்தான் கால் போடுவாய். எஸ்தர் அக்கா நின்றுவிட்டாள். "ஐயோ பாவம், யார் பெத்த புள்ளயோ" என்றாள். நான் "தெரியலக்கா" என்றேன். "நம்ம ஊரு மூஞ்சி மாதிரி இருக்குதுடி" என்றாள். "இருக்காதுக்கா, வாங்க, நேரமாச்சு" என்றேன். அவள் கேட்கவில்லை. டீக்கடையில் பன் வாங்கிவந்து என்னிடம் நீட்டி, "ஒங் கையால குடு, ஒம் புள்ள பெங்களூர்ல நல்லா இருப்பான்" என்றாள். நான், "நீங்களே குடுங்கக்கா, எனக்கு அருவருப்பா இருக்குது" என்றேன். அவளே போனாள். அவன் கோணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினான். காலை வெயில் நேராக முகத்தில் அடித்ததால் மூடுகிறான் என்று நினைத்தேன். அப்பாடா, முகம் தெரியாது என்று கூட நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? கூட்டத்தில் அன்றைக்குப் பாட்டு நடத்தினது நான்தான். ஒரு அடி கூடத் தப்பாமல் பாடினேன்.

தெரிந்துகொண்டாயா, தானி? நான் உன்னைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன். வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் கூடச் சொல்லவில்லை.

உங்கப்பா அப்போது கடலூர்–சிதம்பரம் ரூட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே மனுஷனுக்குப் பசி ஜாஸ்தியாகியிருந்தது. "சோறு பத்தலம்மா, இன்னொரு அடுக்கு வையி" என்பார். திடீரென்று ஒரு நாள், "நாளைக்கி நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வையேன், மாங்கா போட்டு" என்றார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாகக் கருவாட்டு வாசனைக்கே மூக்கைப் பிடிக்கிற ஆள்! "யாருக்கு?" என்றேன். "கண்டக்டர் ஆசப்படறாரு" என்றார். நீ போன பிறகு அந்தக் குழம்பை நான் வைத்ததே இல்லை. முனகிக்கொண்டே வைத்தேன். சோறு கட்டினேன், கேரியரை மூடினேன், மறந்தேன். தினமும் என் கையாலேயே உனக்குச் சோறு கட்டுகிறேன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதுதான் உண்மை. உன்னைத் தேற்றிய அந்தக் குழம்பை நான் உனக்கென்று வைக்கவில்லை, அந்தக் கண்டக்டருக்கு வைத்தேன்.

மிச்சம் உனக்குப் பாதி தெரியும், மீதியைக் கேள். இரண்டாயிரத்து ஒன்பது, பெரிய வெள்ளிக்கிழமை. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரியில், அவருடைய சீஷனே வேலைக்காரிக்குப் பயந்து "அவரை எனக்குத் தெரியாது" என்று மூன்று முறை மறுதலித்ததைப் போதகர் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் கேட்கிற கதைதான். ஆனால் அன்றைக்கு என் விரல் தானாக மடங்கியது. தெரியலக்கா, ஒன்று. இருக்காதுக்கா, இரண்டு. அருவருப்பா இருக்குது, மூன்று. அந்த மனுஷனுக்கு உடனே சேவல் கூவிற்று. எனக்கு எட்டு மாதம் கழித்துக் கூவியது. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நின்றுவிட்டேன். "ஐயா, எம் புள்ள பெங்களூர்ல இல்ல. செதம்பரம் பஸ் ஸ்டாண்டுல கோணி போத்திக்கிட்டு கெடக்கறான். நான் பாத்தும் பாக்காத மாதிரி வந்துட்டேன். நான் போட்ட கவரெல்லாம் பொய்" என்று கத்தினேன்.

பின்வரிசையிலிருந்து, "அப்ப எம் புள்ள பயோடேட்டா?" என்று ஒரு குரல். பெரிய வெள்ளிக்கிழமை, கறுப்புத் துணி போர்த்திய கோயிலில், யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். போதகரே கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எஸ்தர் அக்கா மட்டும் அழுதுகொண்டே, "நான் பன்னு குடுத்தது நம்ம தானிக்கா? அடிப்பாவி, தெரிஞ்சிருந்தா இட்லியே குடுத்திருப்பேனேடி!" என்றாள். நான் பயந்துகொண்டிருந்த கல் எதுவும் விழவில்லை, தானி. இரண்டு வருஷம் நான் பயந்து ஒளிந்தது இந்த ஜனங்களுக்குத்தானா என்று இருந்தது. அந்த வெட்கத்தை ஒரு நாள் முன்னால் விட்டிருந்தால், நீ ஒரு நாள் முன்னால் வந்திருப்பாய். எட்டு மாதம், எட்டு மாதம்! இதுதான் என் நெஞ்சில் கிடக்கிற முள்.

நான் உன்னைப் பார்த்துவிட்டு வந்ததை நானே உன்னிடம் சொல்லும்வரை யாரும் சொல்லக் கூடாது என்று சபையாரிடம் கேட்டுக்கொண்டேன். மறுநாள் சனிக்கிழமை ஒரு வேனில் ஒன்பது பேர் கிளம்பினோம். எங்கே தேடுவது என்று போதகர் கேட்க, வாயே திறக்காத உங்கப்பா, "தேட வேணாங்க. பதினோரு மணிக்கு கொழாயடியில மூஞ்சி கழுவுவான். மூனாவது பிளாட்பாரம்" என்றார். எல்லாரும் அவரையே பார்த்தோம். "எத்தன நாளா தெரியும்?" என்றேன். "ஒன்ற வருசமா. பஸ்ல ஏறுடான்னு தெனம் கூப்புடறேன், அம்மா எறங்கிப் போயிடும்ப்பான்னு ஏறமாட்டேங்கறான்" என்றார். அப்போதுதான் அந்தப் பசி, அந்தக் கருவாடு எல்லாம் எனக்கு விளங்கியது. நீ எங்களைப் பார்த்ததும் ஓடியதும், எஸ்தர் அக்கா அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு உன்னைத் துரத்தி, உன் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டதும், பஸ் ஏறவந்த ஜனமெல்லாம் கடன் கொடுத்தவள் என்று நினைத்து அவளுக்குப் பரிந்து பேசியதும் உனக்கே தெரியும். "எழுந்திரிங்கக்கா, வரேன்" என்று நீ சொன்னதுதான் இரண்டு வருஷம் கழித்து நான் கேட்ட உன் முதல் வார்த்தை.

குமராட்சிப் பக்கத்தில் அந்த ஜெப வீட்டில் விட்டோம். போதை விட்டவர்கள் சேர்ந்து நெல் பயிரிட்டு, டாக்டரிடமும் காட்டி, காலையும் மாலையும் ஜெபிக்கிற இடம். இரண்டு முறை ஓடினாய். இரண்டாவது முறை நீயே கொள்ளிடக் கரையோடு நடந்து திரும்பிவந்தாய். ஏனென்று கேட்டதற்கு, "நடவு பாதியில நிக்குதும்மா" என்றாய். அந்த வார்த்தையில்தான் எனக்கு உயிர் வந்தது. ஜெபிக்கச் சொன்னால் வார்த்தை வராமல் இருந்ததாம், ஒரு நாள் மத்தியானம் சேற்றில் நாற்று ஊன்றிக்கொண்டிருக்கும்போது யாரும் சொல்லாமலே வாய் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாம், ராத்திரி பார்த்தால் தூங்கியிருந்தாயாம். ஆண்டவர் உனக்கு முதலில் திருப்பிக் கொடுத்தது தூக்கம்.

நான்காவது மாதம் முதல்முறை பார்க்க விட்டார்கள். கருவாட்டுக் குழம்புதான் கொண்டுவந்தேன். நீ தட்டின் முன் கண்ணை மூடி, "ஆண்டவரே, நான் தெருவுல கெடந்தப்ப எங்கம்மா தினம் கட்டிக் குடுத்த சோத்துக்காக ஸ்தோத்திரம்" என்றாய். அங்கேயே, "இல்லடா, அது எனக்குத் தெரியாதுடா" என்று சொல்லியிருக்க வேண்டும். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தாய். அந்த ஒரு நம்பிக்கையையும் பிடுங்கினால் மறுபடி ஓடிவிடுவாயோ என்று பயந்தேன். "ஆமென்" என்றேன். அந்த ஆமென்தான் என் இரண்டாவது பொய். முதல் பொய்யைச் சபை முன் உடைத்துவிட்டேன். இதை மூன்று வருஷமாக விழுங்கிக்கொண்டே இருக்கிறேன்.

சந்தோஷமான கடிதமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஏன் தெரியுமா? போன டிசம்பரில் தானே புயல் அடித்து ஊர் முறிந்து விழுந்ததே, அப்போதுதான் எனக்குப் பயமே விட்டது. எஸ்தர் அக்கா, "தானே வந்தா நமக்கென்ன, நம்மகிட்ட தானி இருக்கான்" என்று சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு நடந்தது மறுபடியும் நடந்துவிடுமோ என்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஜெப வீட்டில் கற்ற எலெக்ட்ரிக் வேலையோடு, கரண்ட் இல்லாத ஊரில் கம்பம் கம்பமாக லைன்மேன்களோடு அலைந்தாய். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டும்போதுதான் நர்ஸ் சுகந்தி டார்ச் பிடித்தாளாம், அந்த வெளிச்சத்திலேயே இரண்டு பேரும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டீர்களாம்! அந்த வாரம் ஒரு மத்தியானம் வேலை முடிந்துவந்து, பாயில் விழுந்து குறட்டை விட்டாய். வலது கட்டைவிரல் இடது கட்டைவிரல் மேல். எட்டுக்கட்டைச் சுருதியில் குறட்டை! நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டேன். பாவம் சுகந்தி, அவளுக்கு அது பாட்டாக இருக்காது.

புத்தி சொல்லாமல் கடிதம் முடித்தால் நான் உன் அம்மாவே இல்லை. தூக்கம் வராத நாளில் தனியாகப் புரளாதே, அவளை எழுப்பு. அவள் ஏதாவது சொல்லவரும்போது, வெங்காயமே அரிந்துகொண்டிருந்தாலும் கத்தியைக் கீழே வை. ஜெபமும் பண்ணு, டாக்டரிடமும் போ. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் சிதம்பரத்தை மறைக்காதே. மறைத்தால் அது பெங்களூர் ஆகிவிடும்.

இதுவரை எழுதி முடித்து, அனுப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் உங்கப்பாவிடம் நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். அப்புறம், "இதெல்லாம் அவனுக்குத் தெரியும்" என்றார். "எது?" என்றேன். "நீ பாத்தது, தாண்டிப் போனது, எல்லாம். அன்னிக்கு சோறு குடுக்கப் போனப்ப சொன்னான். அந்தக் கோணி வெயிலுக்கு மூடல. 'அம்மா கூட சபப் பொம்பளைங்க வந்தாங்கப்பா. எஸ்தர் அக்கா கிட்ட வரவும், அம்மாவுக்கு அசிங்கமாயிடுமேன்னு மூஞ்சிய மூடிக்கிட்டேன்'னான்" என்றார்.

தானி! அந்த நிலைமையிலா? தன் பெயரே நினைவில்லாத போதையிலா என் மானத்தை நினைத்தாய்?

"அப்ப கருவாட்டுக் கொழம்பு?" என்றேன். "அதையும் ஜெப வீட்ல வுட்ட அன்னிக்கே சொல்லிட்டேன், அம்மாவுக்குத் தெரியாதுடான்னு. 'கட்டுனது அம்மாதானப்பா'ன்னான். யோசிச்சுப் பாரு, அவன் சாட்சியில அம்மா கட்டிக் குடுத்தாங்கன்னுதான சொல்றான்? கட்டுனது நீதான? அப்புறம் இன்னா பொய்யி?" என்றார். "எனக்குன்னே வெச்சதுன்னும் சொல்றானே" என்று நான் மடக்கினேன். "இத்தன வருசமா கொழம்பு வெக்கற, அன்னிக்கு ஒரு நாளுதான் அடுப்படியில அழுத. கண்டக்டருக்காகவா அழுத?" என்று கேட்டுவிட்டு, பஸ் நேரத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி எழுந்து போய்விட்டார். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து மூன்று வருஷமாக என்னை இப்படி ஏமாற்றியிருக்கிறீர்கள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்தது. எனக்கு மூன்றாவதாகவும் ஒன்று வரும் போலிருக்கிறது.

சுகந்திக்கு இப்போதே போன் செய்யப்போகிறேன். நெத்திலியை வெந்நீரில் அலசித் தலை கிள்ள வேண்டும், மாங்காயைக் கடைசியில் போட வேண்டும், வெந்தயம் கருகக் கூடாது. கூடவே, யாருக்கு வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுவேன். அவளும் தெரிந்துகொண்டே வீட்டுக்குள் வரட்டும்.

கல்யாணத்துக்கான ஸ்தோத்திரக் கவரையும் எழுதிவிட்டேன். வரும் ஞாயிறு வாசிப்பார்கள். நீ முன்வரிசையில் உட்கார், கோணி எதையும் இழுத்து முகத்தை மூடாதே. எஸ்தர் அக்கா அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் ஒன்று கேட்டாள். அதற்கு நான் பொய்யான பதில் சொன்னேன். சரியான பதிலைக் கவரின் மேல் எழுதியிருக்கிறேன். பேச்சு வழக்கில் இருக்கிறதே என்று திருத்தாமல் அப்படியே வாசிக்க வேண்டும் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன். ஒரே வரிதான்:

"சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கோணி போர்த்தி உட்கார்ந்திருந்த தானியேல், நான் பெத்த புள்ள."

அம்மா